ஊதா நிறம் வரும் வரை

பிப்ரவரி 2

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அது உண்மையாக இருக்காது என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கினால் இப்போதைக்கு அதுவே போதும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில் "எத்தனை மாமா?" என்று கேட்டாய். "பரவாயில்லை அம்மா" என்றேன். அது எண் அல்ல. எண் பதினான்கு. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை நம் வாண்டுவுக்குப் பதினான்கு தடவை வலிப்பு. ஒன்பது சின்னவை, கண் மேலே போய், கை ஒரு உதறு உதறி, நின்றுவிடும். ஐந்து பெரியவை. போனில் எனக்கு வாய் எழும்புவதில்லை. நீ அழ ஆரம்பித்துவிட்டால் இருக்கிற இரண்டு சொல்லும் போய்விடுகின்றன. எழுதினால் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிடுவேன்.

நான்காவது மருந்தும் கேட்கவில்லை. அதனால் கண்ட பலன், வாண்டு பகல் முழுக்க அரைத் தூக்கத்தில் இருப்பதுதான். நேற்று 'செருப்பு' என்ற சொல் வராமல் காலைத் தூக்கிக் காட்டினாள். ஆறு வயதுக் குழந்தை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் அம்மா வேறு ஒரு வழி சொல்கிறார். முதலில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, தண்ணீர் மட்டும் கொடுத்துப் பட்டினி. பிறகு வீட்டில் மாவும் சர்க்கரையும் அறவே இல்லாத, வெண்ணெயும் எண்ணெயும் முட்டையுமான சாப்பாடு. மூன்று மாதம் பார்க்க வேண்டும். அதற்குள் குறையாவிட்டால் மருந்தைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை என்கிறார். அதைக் கூட்டினால் அவள் விழித்திருக்கும் நேரம் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டேன். அவர் சம்மதத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். எனவே எனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறேன். உடம்பில் மூளைதான் பெருந்தீனிக்காரன். எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. தின்பதோ ஐந்தில் ஒரு பங்கு. குழந்தைகளின் மூளை அதைவிடவும் அதிகம் தின்னும். அது கேட்பது சர்க்கரை. சாப்பாடு வராவிட்டால் கல்லீரல் தான் சேர்த்து வைத்ததை அவிழ்த்துக் கொடுக்கும். குழந்தைக்கு அது ஒரு நாளைக்குக்கூடக் காணாது. அது தீர்ந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துச் சர்க்கரை செய்யப் பார்க்கும். அப்படியே போனால் ஆளே மிஞ்சமாட்டார். ஆகவே கல்லீரல் கொழுப்பை உடைத்து, கீட்டோன் என்ற ஒன்றைச் செய்து அனுப்புகிறது. கொழுப்பை நேரே கொடுத்தால் மூளை தொடாது, கீட்டோனை வாங்கிக்கொள்ளும். அதில் ஓடப் பழகிய மூளை, சில குழந்தைகளுக்கு, வலிப்பை விட்டுவிடுகிறது. ஏன் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. காலமெல்லாம் பட்டினி போட முடியாது என்பதால், பட்டினிதான் என்று உடம்பை நம்பவைக்கிற சாப்பாடு.

கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எழுதினேன். அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை நான் விட்டதில்லை. தெரியும் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தாய் அல்லது தகப்பன் கையெழுத்து வேண்டுமாம். தகப்பன் எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். "நீங்க யாரு?" என்றார்கள். அவனுடைய அப்பா என்று சொல்ல வேண்டியிருந்தது. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 12

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சமையலறைப் பின்வாசலில் காய்க் கூடை மேல் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

பட்டினி போட எதற்கு மாமா டாக்டர்? இந்த விடுதியில் இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வேளை சமைக்கிறேன். தட்டில் மிச்சம் வைத்தால் பக்கத்தில் நின்று அதட்டி உண்ண வைக்கிறேன். என் பிள்ளைக்குத் தண்ணீர் மட்டும் போதும் என்று எழுதி, அதற்குக் கீழே நானே கையெழுத்துப் போட வேண்டும். எந்தத் தாயாவது போடுவாளா?

அக்காவிடம் போனில் சொன்னேன். "அந்தக் கிழவருக்குப் பாடம் நடத்த ஆள் கிடைக்கல. உன் பிள்ளைய வெச்சு நடத்தறாரு" என்றாள். கோபப்படாதீர்கள், அவள் வாய் அப்படி. ஆனால் அவள் சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் 'செருப்பு' வந்தது. நீங்கள் எழுதிய மற்றதெல்லாம் எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்த ஒரு வரி புரிந்தது. நான் கிளம்பும்போது வாசலில் நின்று, "அம்மா, செருப்பை மாத்திப் போட்டிருக்கே" என்று சிரித்தவள் அவள்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோணலாக இருக்கும். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் காய்க் கூடை மேல் வைத்துப் போட்டது என்று சொல்லுங்கள். இனி எனக்கு எண்ணைச் சொல்லுங்கள். 'பரவாயில்லை' வேண்டாம்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 27

அன்புள்ள மருமகளுக்கு,

எண்ணை முதலில் எழுதுகிறேன். 24ஆம் தேதி பதினான்கு. 25ஆம் தேதி பதினொன்று. 26ஆம் தேதி ஆறு. இன்று மாலை வரை இரண்டு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். திங்கள் காலை ஏழரைக்குக் கடைசிச் சாப்பாடு. அவளோடு நானும் நிறுத்திக்கொண்டேன். கேட்டால் சிரிப்பாய். அவள் எதைத் தாண்டிப் போகிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது. முதல் பகல் எளிது. மாலையில் பக்கத்துக் கட்டிலுக்குத் தட்டு வந்தது. வாண்டு எழுந்து உட்கார்ந்து அதையே பார்த்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். "தாத்தா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள்.

"தப்பு இல்லடா, உன் மூளைக்கு வேற சாப்பாடு பழக்கறோம்" என்றேன்.

"அதுக்குப் பசிக்கலையே. எனக்குத்தான் பசிக்குது."

மறுநாள் காலை அவளுடைய ரத்தச் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரலில் குத்தினார்கள். அவள் விரலை மடக்கிக்கொண்டு, "நீ கெட்ட தாத்தா, உன் பேச்சு கா" என்றாள். இன்னும் கொஞ்சம் இறங்கினால் பழச்சாறு கொடுத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம் என்றார் டாக்டர் அம்மா. நிறுத்திவிட்டால் நல்லது என்று ஒரு மனம். நிறுத்திவிட்டால் அப்புறம் என்ன என்று ஒரு மனம். நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

அப்போதுதான் எனக்குக் கண் இருண்டது. பெரிய நர்ஸ் பிடித்துக்கொண்டார். இல்லையென்றால் விழுந்திருப்பேன். நான் சாப்பிடாததைக் கண்டுபிடித்ததும் வார்டே கேட்கும்படித் திட்டினார்: "ஏங்க, ஒரு வீட்டுக்கு ஒரு பேஷன்ட் போதாதா? இங்க கட்டிலுக்கே பஞ்சம்!" வாண்டு சிரித்தாள். அந்த இரண்டு நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். கண் இருண்டதற்கு எனக்கு வருத்தமில்லை.

புதன் காலை அவள் மூச்சில் ஒரு வாசனை வந்தது. அழுகத் தொடங்கிய பழம்போல. சிறுநீரில் தோய்க்கும் தாள் ஒன்று இருக்கிறது. கீட்டோன் இல்லாவிட்டால் தோல் நிறத்திலேயே நிற்கும், இருந்தால் ஊதாவாகும். தோய்த்துப் பதினைந்து வினாடி எண்ணினேன். நல்ல கருஊதா. கரும்பலகையில் எத்தனையோ தடவை நான் எழுதிய சொல் கீட்டோன். அதன் நிறத்தை அன்றுதான் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அமைதியானாள். பசியும் விட்டது. முட்டையும் வெண்ணெயும் கொடுத்தபோது, "வேணாம், உனக்கு வேணுமா?" என்று என்னிடம் நீட்டினாள்.

நான் நம்பவில்லை. நம்பப் பயமாக இருக்கிறது. நீயும் இன்னும் நம்பாதே.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு! இரண்டு என்ற எண்ணைச் சமையலறைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறேன். மேற்பார்வையாளர் என்ன கணக்கு என்று கேட்டார். "எங்க வீட்டுக் கணக்கு" என்றேன்.

நேற்றுப் போனில் வாண்டு முழு வாக்கியமாகப் பேசினாள். என்ன கேட்டாள் தெரியுமா? "நீ சமைக்கிற புள்ளைங்க எல்லாம் சாப்ட்டாங்களா?" என்று. சாப்பிட்டார்கள் என்றேன். "அவங்க தாத்தா திட்டமாட்டாரா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

மாமா, அக்கா பேசியதைப் போய் உங்களுக்கு எழுதினேனே, மறந்துவிடுங்கள்.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். இனிப்பு எதுவும் கூடாது என்று நீங்கள் எழுதியதால் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். மிட்டாய் கிடையாது, பிஸ்கட் கிடையாது, பழம் கிடையாது. ஒரு தாய் தன் பிள்ளைக்கு வேறு என்னதான் அனுப்புவாள்? கடைசியில் பற்பசை கண்ணில் பட்டது. குழந்தைகளுக்கானது, ஸ்ட்ராபெரி வாசனை, குழாய் மேல் கரடிப் படம். வாயில் போட்டுத் துப்புவதுதானே. மூன்று வாங்கினேன். தினம் இரண்டு வேளை அவள் வாயில் கொஞ்சம் நல்ல ருசி இருக்கட்டும்.

உங்கள் மருமகள்


மார்ச் 19

அன்புள்ள மருமகளுக்கு,

எண்: சைபர். மார்ச் 1ஆம் தேதிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பதினெட்டு நாள். இதை எழுதும்போது, கண் பட்டுவிடக் கூடாது என்று மேசையைத் தொட்டுக்கொள்கிறேன். படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதே.

நம் சமையலறை இப்போது ஆய்வுக்கூடம் மாதிரி இருக்கிறது. ஓய்வு பெறும்போது கல்லூரியில் எனக்குக் கொடுத்த பழைய இரண்டு தட்டுத் தராசை மேடையில் வைத்திருக்கிறேன். வெண்ணெய் முப்பத்திரண்டு கிராம், முட்டை நாற்பது, வெள்ளரிக்காய் பதினெட்டு. வெள்ளரிக்காயில் ஒரு வட்டம் கூடினால் பாதியாக நறுக்கி எடுத்துவிடுகிறேன். தட்டில் ஒட்டியதையும் வழித்துக் கொடுக்கிறேன். மாத்திரையில் மாவு கலந்திருக்கிறதா என்று மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு, என்னைக் கண்டாலே அவர் உள்ளே போய்விடுகிறார்.

பார்சல் முந்தாநாள் வந்தது. பற்பசையைப் பார்த்து வாண்டு குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று கரடிக்கும் பேர் வைத்தாயிற்று. பெரியதின் பேர் அம்மா. இதுவரை உப்புத் தூள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்; தினமும் அதற்கு ஒரு சண்டை. இப்போது சொல்லாமலே மூன்று வேளை பல் தேய்க்கிறாள்.

சில சமயம் சமைத்து முடித்து உட்கார்ந்திருக்கும்போது, இதை நான் சரியாகத்தான் செய்கிறேன் என்று தோன்றுகிறது. எனக்கு அந்த எண்ணம் பழக்கமில்லை.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 28

அன்புள்ள மருமகளுக்கு,

எண்: முந்தாநாள் நான்கு. நேற்று ஒன்பது. இன்று இதுவரை ஏழு.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தாளில் ஊதா இல்லை. தோல் நிறத்திலேயே நிற்கிறது. மூன்று தாள் தோய்த்துப் பார்த்தேன். வேறு டப்பா வாங்கி அதிலும் பார்த்தேன்.

டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "யாரோ இனிப்பு குடுக்கறாங்க. யாரு?" வீட்டில் நானும் அவளும்தான். பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்கப்போய், அவர் கோபித்துக்கொண்டார். "எங்களை என்ன குழந்தைக்கு விஷம் வெக்கிறவங்கன்னு நெனச்சீங்களா?" என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். நோட்டில் உள்ள எல்லா எடையையும் திரும்பக் கூட்டினேன். சரியாக இருக்கிறது. சரியாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது. பிழை கிடைத்தால் திருத்திவிடலாம். பிழையே இல்லாமல் அவள் விழுகிறாள்.

வயிறு வலிக்கிறது என்கிறாள். நேற்று ஜன்னல் ஓரம் விழுந்ததில் மேல் உதடு கிழிந்து ஒரு தையல்.

இரண்டு வாரத்தில் தாள் ஊதாவுக்குத் திரும்பாவிட்டால் இதை விட்டுவிட வேண்டும் என்கிறார் டாக்டர் அம்மா. விட்டால் மருந்தைக் கூட்டுவதுதான் வழி. நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை அம்மா. தெரிந்தால் உடனே எழுதுகிறேன்.

மாமா


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

காரணம் தெரிந்துவிட்டது. தராசின் எடைக்கல் ஒன்று தேய்ந்திருந்தது. அதனால் வெண்ணெய் குறைந்து, காய் கூடிப்போயிருக்கிறது. முழுக்க முழுக்க என் கவனக்குறைவு. வேறு யாருக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. புதுத் தராசு வாங்கிவிட்டேன்.

எண்: நேற்று எட்டு.

இனிப் பார்சல் எதுவும் அனுப்ப வேண்டாம். வாண்டுவுக்கு உன் குரல் போதும்.

மாமா


ஏப்ரல் 11

மாமாவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன.

தராசா? முப்பத்தொரு வருடம் அதை வைத்துப் பிழைத்தவர் நீங்கள். வெள்ளரிக்காயைப் பாதி வட்டமாக நறுக்கியதாகப் பெருமையாக எழுதினீர்கள். கல் தேய்ந்ததைக்கூடப் பார்க்காமல் அப்படி என்ன நிறுத்தீர்கள்? என் பிள்ளை இரண்டு நாள் தண்ணீர் குடித்துக் கிடந்தது இதற்குத்தானா? அவள் உதட்டில் தையல். நான் இங்கே கண்டவர் பிள்ளைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருக்கிறேன்.

சுவரில் எழுதிய எண்ணைத் துணி நனைத்து அழித்தேன். கறை போகவில்லை.

அக்கா 25ஆம் தேதி வருகிறாள். வாண்டுவின் துணிமணிகளைக் கட்டி வையுங்கள். அக்கா வீட்டில் எல்லாப் பிள்ளையும் சாப்பிடுவதை அவளும் சாப்பிடட்டும். வலிப்பு வந்தாலும் வயிறாவது நிறைந்திருக்கும். இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

உங்களை நம்பினேன் மாமா. உங்கள் மகனுக்குப் பிறகும் அந்த வீட்டில் ஒருவரை நம்பினேன்.

மருமகள்


ஏப்ரல் 19

அன்புள்ள மருமகளுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நான்கு நாளில் கிடைக்கும் என்றார்கள். நேற்று நீ போனில் பேசினாய். "வேற என்ன மாமா?" என்று கேட்டாய். வேறு ஒன்றும் இல்லை என்றேன். வேறு எல்லாமே இருந்தது.

தராசு சரியாகத்தான் இருக்கிறது. நான் சொன்னது பொய்.

ஏப்ரல் 1ஆம் தேதி குளியலறையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பற்பசைக் குழாய் இரண்டைப் பார்த்தேன். சுருட்டிச் சுருட்டிப் பிழியப்பட்டுத் தட்டையாக இருந்தன. மூன்றாவது அவள் கையில் இருந்தது. உதட்டோரம் இளஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது. பல் தேய்க்கவில்லை. நேராக வாயில் பிழிந்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"துப்பணும்னு சொன்னேனேடா."

"அம்மா குடுத்ததை யாராச்சும் துப்புவாங்களா?" என்றாள்.

குழாயின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பல்லுக்குக் கெடுதல் செய்யாத இனிப்புப் பொருள்கள் இரண்டு அதில் இருக்கின்றன. ஆனால் உடம்புக்குள் போனால் கல்லீரல் அவற்றையும் சர்க்கரையாக்கிவிடும். ஒரு சொட்டு என்றால் ஒன்றுமில்லை. பத்து நாளாக, நாளுக்குக் கால் குழாய். குழாயை எடுத்துக்கொண்டு டாக்டர் அம்மாவிடம் ஓடினேன். விஷமாகும் அளவுக்குப் போகவில்லை, வயிற்று வலி அதனால்தான் என்றார்.

இதில் பிழை உன்னுடையது அல்ல. வாய்க்குள் போகிற எதையும் பின்பக்கம் படிக்காமல் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். உப்பு டப்பாவைப் படித்தேன். சோப்பைக்கூடப் படித்தேன். இதைப் படிக்கவில்லை. நீ அனுப்பியது என்பதால் படிக்கத் தோன்றவில்லை. அவள் குதித்த குதியைப் பார்த்தபின் படித்திருந்தாலும் பிடுங்கியிருப்பேனா என்று தெரியவில்லை. நான் எப்போதுமே அவ்வளவு தைரியசாலி இல்லை.

உன்னிடம் சொன்னால், அங்கே தனியாக நின்று சமைத்துக்கொண்டே உன்னையே அரித்துக்கொள்வாய் என்று பயந்தேன். என் மேல் பழி போட்டுக்கொள்வது எளிதாக இருந்தது. எனக்கு அது பழக்கம். அதன் விலை குழந்தை என்று எனக்குத் தோன்றவில்லை. உன் கடிதம் வந்தபிறகுதான் புரிந்தது.

இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். தாள் மறுபடி வெளிர் ஊதாவாகிவிட்டது. நேற்று எண் ஏழு. மெதுவாகத்தான் இறங்கும். இந்த நிலையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டைத் திடீரென்று கொடுத்தால் மூளைக்கு ஒரே நாளில் எரிபொருள் மாறிவிடும். வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம், ஆபத்து என்கிறார் டாக்டர் அம்மா. நிறுத்துவதென்றாலும் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். என்னிடமிருந்து அவளை எடுத்துக்கொள். அதற்கு நான் தகுதிதான். ஆனால் சாப்பாட்டை அவளிடமிருந்து எடுத்துவிடாதே. அக்கா வருவதானால் தராசையும் நோட்டையும் கொடுத்துவிடுகிறேன். எப்படி நிறுப்பது என்று ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். அவர் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

துணிகளைக் கட்டி வைத்திருக்கிறேன். சின்னப் பெட்டிதான். அவள் அதன் மேல் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கிறாள்.

மாமா


ஏப்ரல் 24

மாமாவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்று கத்தினாள். "உனக்கும் அந்தக் கிழவருக்கும் நல்ல பொருத்தம்" என்று வைத்துவிட்டாள்.

பற்பசை என்று நீங்கள் எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. இருநூறு தட்டு பரிமாறினேன். எதை வாயில் வைத்தாலும் ஸ்ட்ராபெரி நாற்றம். கடையில் அதை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினேன். இதில் நல்லது எது, மோசமானது எது என்று முகர்ந்தால் தெரியுமா?

அதை நான் தாங்கிக்கொள்வேன் மாமா. தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், பாருங்கள், எழுதுகிறேன். இன்னொன்றைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று நீங்களே நிறுத்துப் பார்த்துவிட்டீர்கள். அதிகம் என்று முடிவு செய்து மறைத்தீர்கள். உங்கள் மகனும் அதைத்தான் செய்தார். "நீ தாங்கமாட்டே" என்று சொல்லி வேலை போனதை மறைத்தார். "நீ தாங்கமாட்டே" என்று சொல்லி, வாண்டுவைப் பற்றி டாக்டர் சொன்னதை மறைத்தார். கடைசியில் தாங்க முடியாமல் வீட்டை விட்டுப் போனவர் யார் என்று பார்த்தோம். அவர் கெட்டவர் இல்லை. உங்களைப்போல் நல்லவர்தான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாண்டு உங்களிடமே இருக்கட்டும். டாக்டர் சொன்ன மூன்று மாதம் மே 26 அன்று முடிகிறது. அதுவரை பார்ப்போம். ஆனால் எனக்கு இனிக் கடிதம் எழுத வேண்டாம். நோட்டின் பக்கங்களை நகல் எடுத்து வாரம் ஒரு தடவை அனுப்புங்கள். 'அன்புள்ள' வேண்டாம். எண்ணில் நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த அளவுக்குத்தான் இப்போது என்னால் முடிகிறது.

வாண்டுவின் அம்மா


மே 6

சென்ற வாரத்தின் பக்கங்கள், நகல்.

ஏப்ரல் 29. தாள்: வெளிர் ஊதா. வலிப்பு: 6.
ஏப்ரல் 30. தாள்: வெளிர் ஊதா. வலிப்பு: 6.
மே 1. டாக்டர் சொன்னபடி ஒரு பகல் பட்டினி. நானும். தாள் மாலையில்: ஊதா. வலிப்பு: 5.
மே 2. தாள்: ஊதா. வலிப்பு: 3.
மே 3. தாள்: ஊதா. வலிப்பு: 5. ஒன்று பெரியது, நான்கு நிமிடம். காரணம் தெரியவில்லை. எல்லாவற்றையும் பின்பக்கம் படித்தேன். தெரியவில்லை.
மே 4. தாள்: கருஊதா. வலிப்பு: 3.
மே 5. தாள்: கருஊதா. வலிப்பு: 2.

நோட்டில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருக்கிறது. அதில் இருப்பதையும் நகல் எடுக்க வேண்டுமா என்று நீ சொல்லவில்லை. இருப்பதை மறைத்தால் அதுவும் பொய்யாகிவிடுமோ என்று எடுத்து எழுதுகிறேன்.

இன்று, மே 6, காலை அவளை எடை போட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். "என்ன தாத்தா எழுதறே?" என்றாள். "உன் கணக்கை உங்க அம்மாவுக்கு எழுதறேன்" என்றேன். "நான் எவ்வளவு?" என்றாள். பதினாறு கிலோ நானூறு கிராம் என்றேன். அவ்வளவுதானா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள்.

இன்று வலிப்பு இதுவரை: 1. மணி மாலை நான்கு. நாள் இன்னும் முடியவில்லை.